பழைய காரின் மின்கோளாறுகள்: அறிகுறியைப் பிடித்துக் காரணத்தைத் தேடும் முறை

பேட்டரியைச் சார்ஜ் செய்யும் டைனமோவும், பொறிக்கான மின்சாரத்தை வெட்டிச் சேர்க்கும் பிளாட்டினம் பாயிண்டும் (இனி பாயிண்ட்) கொண்ட பழைய கார்களில் ஒரே கோளாறு பல உருவங்களில் திரும்பத் திரும்ப வரும். அவற்றைப் பல ஆண்டுகளாகச் சரிசெய்ததில் எனக்குப் படிந்த வரிசையை இங்கே எழுதுகிறேன். தொடக்கத்தில் நானும் உதிரி பாகங்களை மாற்றி மாற்றித்தான் கோளாறைத் தேடினேன். ஒருமுறை ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றிப் புதுப்பித்துத் திரும்பப் பொருத்திய பிறகும் எஞ்சின் முன்போலவே சோம்பலாகச் சுழன்றது. எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் எர்த் (மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி) பட்டையின் அடியில் புதிதாக அடிக்கப்பட்டிருந்த பெயிண்ட்தான் காரணம் என்பது மறுவாரம் தெரிந்தது. அன்று முதல், மீட்டர் சுட்டிக்காட்டாத எந்தப் பாகத்தையும் நான் கழற்றுவதில்லை. பழைய காரில் பாகம் கெடுவதைவிட இணைப்பு கெடுவதே அதிகம் என்பதால், கீழே ஒவ்வோர் அறிகுறியிலும் இணைப்புகள் முதலிலும் விலையுயர்ந்த பாகங்கள் கடைசியிலும் வருகின்றன.

## தொடங்கும் முன்

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், இரண்டு மீட்டர் நீள வயரும் 21 வாட் பல்பும் கொண்டு நாமே செய்துகொள்ளும் ஒரு சோதனை விளக்கு, உப்புத்தாள், கம்பித் தூரிகை, காரின் வயரிங் வரைபடம் ஆகியவை இருந்தால் இங்கே சொல்லப்படும் சோதனைகளில் பெரும்பாலானவற்றைச் செய்துவிடலாம். மோதிரத்தையும் உலோகக் கைக்கடிகாரத்தையும் கழற்றி வையுங்கள். பேட்டரியைப் பிரிக்கும்போது எர்த் வயரை முதலில் கழற்றி, மாட்டும்போது அதையே கடைசியில் மாட்டுங்கள். எர்த் எந்த முனையாக இருந்தாலும் இந்த ஒழுங்கு மாறாது.

எந்த முனை எர்த் என்பதை ஊகிக்கக் கூடாது. 1960களின் நடுப்பகுதி வரை வந்த பல பிரிட்டிஷ் கார்களில் பாசிட்டிவ் முனையே பாடியோடு இணைக்கப்பட்டிருக்கும். எம்ஜிபி கார் 1967இல்தான் நெகட்டிவ் எர்த்துக்கு மாறியது. இடையில் யாராவது மாற்றியும் இருக்கலாம். ஆகவே பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகும் வயரைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். இங்கே தரப்படும் அளவுகள் 12 வோல்ட் கார்களுக்கானவை. 6 வோல்ட் கார்களில் பேட்டரியின் அளவுகளைப் பாதியாக்கிக்கொள்ள வேண்டும்.

வயர் நிறங்களிலும் ஓர் அபாயம் இருக்கிறது. பிரிட்டிஷ் கார்களுக்கு மின்பாகங்கள் செய்த லூகாஸ் நிறுவனத்தின் முறையில் பழுப்பு என்பது ஃபியூஸ் இல்லாமல் பேட்டரியிலிருந்து நேராக வரும் வயர், வெள்ளை சாவி திறந்ததும் உயிர்பெறும் வயர், பச்சை அதே மின்சாரம் ஃபியூஸைத் தாண்டியபின், ஊதா எப்போதும் உயிருள்ள, ஆனால் ஃபியூஸ் உள்ள வயர், கறுப்பு எர்த். ஜெர்மானியக் கார்களில் பழுப்புதான் எர்த். அங்கே நிறத்தைவிட முனையில் பொறித்திருக்கும் எண்ணை நம்பலாம்: 30 பேட்டரி, 15 சாவி, 31 எர்த், 50 ஸ்டார்ட்டர்.

கடைசியாக, இந்த வழிமுறை முழுவதும் திரும்பத் திரும்ப வரும் ஒரு சோதனையை இப்போதே சொல்லிவிடுகிறேன். முப்பது இழைகளில் ஒன்று மட்டும் மிஞ்சியிருக்கும் வயரும், வயர் அறுந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் தொடர்ச்சிச் சோதனையில் மீட்டரைக் கூவ வைத்துவிடும். சுமை ஏறும்போதுதான் அதன் குறை வெளிப்படும். அதனால் விளக்கு எரியும்போதோ மோட்டார் சுழலும்போதோ, வயரின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை எத்தனை வோல்ட் தொலைகிறது என்று அளக்க வேண்டும். நல்ல எர்த் இணைப்பில் 0.2 வோல்ட்டுக்கு மேல் தொலையக் கூடாது. இதை இனி வோல்ட் இறக்கம் என்று குறிப்பிடுகிறேன்.

## சாவியைத் திருப்பினால் எதுவுமே நடக்கவில்லை

ஹெட்லைட், ஹாரன், எச்சரிக்கை விளக்கு எதுவுமே இல்லையென்றால் கோளாறு பேட்டரிக்கு மிக அருகில்தான் இருக்கும். மீட்டரைப் பேட்டரியின் ஈய முனைகளில் வையுங்கள். அவற்றைக் கவ்வியிருக்கும் கிளாம்பின் மீது வைக்க வேண்டாம். சில மணி நேரம் ஓய்ந்திருந்த பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி; 12.0க்குக் கீழே போனால் முதலில் சார்ஜ் செய்துவிட்டுத்தான் மேற்கொண்டு எதையும் சோதிக்க வேண்டும்.

பேட்டரி நன்றாக இருந்தால், ஹெட்லைட் சுவிட்சைப் போட்ட நிலையில் ஒரு மீட்டர் முனையை ஈய முனையிலும் மற்றதை அதே ஈய முனையின் கிளாம்பிலும் வையுங்கள். அங்கே சில வோல்ட் காட்டினால் இரண்டுக்கும் இடையே படிந்த ஆக்சைடுதான் தடை. கழற்றி, இரு பரப்பும் வெள்ளியாக மின்னும்வரை தேய்த்து, இறுக்கி, அதன்பிறகே மேலே வாசலின் தடவுங்கள். அடுத்து பாடியில் எர்த் வயர் திருகப்பட்டிருக்கும் இடம். அதன்பிறகு, இருந்தால், பேட்டரித் துண்டிப்பு சுவிட்ச். மலிவான துண்டிப்பு சுவிட்சுகள் உள்ளே கருகிப்போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஹெட்லைட் எரிகிறது, சாவி வழியாக வருபவை மட்டும் இல்லை என்றால் சாவி சுவிட்சுக்குள் வரும் வயரிலும் வெளியே போகும் வயரிலும் சோதனை விளக்கை வையுங்கள். உள்ளே இருந்து வெளியே இல்லையென்றால் சுவிட்ச் தேய்ந்திருக்கிறது.

## 'டக்' என்று ஒலிக்கிறது, அல்லது எஞ்சின் சோம்பலாகச் சுழல்கிறது

பழைய கார்களில் அதிகமாகத் தவறாகக் கணிக்கப்படும் அறிகுறி இதுதான் என்பேன். பேட்டரி, ஸ்டார்ட்டர், சொலினாய்டு (ஸ்டார்ட்டருக்கு மின்சாரத்தை இணைக்கும் மின்சுவிட்ச்) என்று மூன்றையும் மாற்றிய பிறகும் தீராத கார்களில் எர்த் பட்டையை மட்டும் சுத்தம் செய்து தீர்த்திருக்கிறேன். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு ஸ்டார்ட் செய்து, விளக்கு என்ன செய்கிறது என்று பாருங்கள்.

### விளக்கு மங்கி அணையப் பார்க்கிறது

பொறிக்கான உயர் வோல்ட்டை உண்டாக்கும் காயிலுக்குச் சாவியிலிருந்து வரும் வயரைக் கழற்றி எஞ்சின் பற்றிக்கொள்ளாமல் செய்துவிட்டு, ஸ்டார்ட்டர் சுழலும்போது பேட்டரியின் ஈய முனைகளில் வோல்ட்டை அளங்கள். முழுதாகச் சார்ஜ் ஆன பேட்டரியே 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அது தன் காலத்தை முடித்துவிட்டது என்று பெரும்பாலும் கொள்ளலாம். ஆனால் பேட்டரியை வாங்குவதற்கு முன், வேறொரு நல்ல பேட்டரியை வைத்து அதே சோதனையைச் செய்துவிடுங்கள். ஸ்டார்ட்டர் உள்ளே இறுகியிருந்தாலும் இதே எண் வரும்.

ஒரே ஒரு 'டங்' ஒலியோடு எல்லாம் மங்கி, எஞ்சின் அசையவே இல்லை என்றால், பழைய வகை ஸ்டார்ட்டரின் சிறு பற்சக்கரம் பிளைவீல் பற்களில் சிக்கியிருக்கலாம். சாவியை மூடி, காரை உயர் கியரில் போட்டு, முன்னும் பின்னும் அசைத்தால் விடுபடும். ஸ்டார்ட்டர் தண்டின் பின்முனை சதுரமாக நீட்டியிருந்தால், அதில் ஸ்பேனர் வைத்துத் திருப்பியும் விடுவிக்கலாம்.

### விளக்கு மங்கவே இல்லை

பேட்டரியின் பலம் ஸ்டார்ட்டர் வரை போய்ச் சேரவில்லை என்று பொருள். இங்கேதான் வோல்ட் இறக்கச் சோதனை தன் முழுப் பயனைத் தருகிறது. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் அல்லாத ஈய முனையிலும் மற்றதை ஸ்டார்ட்டரின் தடித்த முனையிலும் வைத்து, ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். 0.5 வோல்ட்டுக்குள் இருந்தால் அந்தப் பக்கம் நலம். அதற்கு மேல் போனால் வழியில் ஒவ்வொரு இணைப்பாக நெருங்கி வாருங்கள்: பேட்டரி கிளாம்ப், சொலினாய்டின் வரும் முனை, போகும் முனை. சொலினாய்டின் இரு தடித்த முனைகளுக்கு இடையே மட்டும் வோல்ட் தொலைந்தால் அதன் உள்தொடர்பு கருகியிருக்கிறது. அதை மாற்ற வேண்டும்.

பிறகு எர்த் பக்கம். பேட்டரியின் எர்த் ஈய முனையிலிருந்து ஸ்டார்ட்டரின் வெற்று உலோக உடல்வரை 0.2 முதல் 0.3 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. எஞ்சின் ரப்பர் தாங்கிகளின் மேல் உட்கார்ந்திருப்பதால் எர்த் பட்டை ஒன்றுதான் அதைப் பாடியோடு மின்வழியில் சேர்க்கிறது. அது அறுந்தால் ஸ்டார்ட்டரின் மின்சாரம் முழுவதும் சோக் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள் போன்ற மெல்லிய கம்பிகள் வழியே போகப் பார்க்கும். ஸ்டார்ட் செய்த பிறகு சோக் கேபிளின் உறை சூடாக இருந்தாலோ உருகியிருந்தாலோ மீட்டரே தேவையில்லை. எர்த் பட்டையைத் தேடிப் போகலாம். எஞ்சினைக் கழற்றி மாட்டிய பிறகும், பாடிக்குப் பெயிண்ட் அடித்த பிறகும் இந்தக் கோளாறு தவறாமல் எட்டிப்பார்க்கும். பட்டையின் இரு முனைகளிலும் பெயிண்ட்டை உலோகம் தெரியும்வரை சுரண்டுங்கள். பல்வைத்த வாஷர் போட்டு இறுக்குங்கள்.

### சூடானபின் மட்டும் சோம்பல்

இக்னிஷன் டைமிங் (பொறி தெறிக்கும் நேரம்) அளவுக்கு மீறி முன்னால் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். அதைச் சரிசெய்யச் செலவில்லை. அதன்பின் மேற்சொன்ன வோல்ட் இறக்கச் சோதனைகளை எஞ்சின் சூடாக இருக்கும்போதே திரும்பச் செய்யுங்கள். இரண்டும் நலமென்றால் ஸ்டார்ட்டரின் தண்டைத் தாங்கும் புஷ்கள் தேய்ந்து, உள்சுழலி வெளிக்கூட்டோடு உரசுகிறது என்று கொள்ளலாம். ஸ்டார்ட்டரைக் கழற்றி மின் மோட்டார் வேலை தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டிய கட்டம் இது.

### மோட்டார் மட்டும் விர்ரென்று சுழல்கிறது, எஞ்சின் அசையவில்லை

சிறு பற்சக்கரம் ஏறும் திருகுத்தண்டில் தூசியும் பழைய எண்ணெயும் இறுகியிருக்கும். பெட்ரோலியக் கரைப்பானில் கழுவி உலரவிடுங்கள். எண்ணெய் போட வேண்டாம், போட்டால் கிளட்ச் தூசி மறுபடியும் அதில்தான் ஒட்டும்.

## எஞ்சின் நன்றாகச் சுழல்கிறது, பற்றிக்கொள்ளவில்லை

முதலில் ஒரு பிளக்கைக் கழற்றி, அதன் வயரிலேயே மாட்டி, பிளக்கின் உலோகத்தை எஞ்சினில் சாய்த்து வைத்துச் சுழற்றுங்கள். பெட்ரோல் வாடை இருக்கும் இடத்திலிருந்தும் கழற்றிய பிளக்கின் துளையிலிருந்தும் அதை விலக்கி வைக்க வேண்டும். நீலப் பொறி தெறித்தால் கோளாறு பெரும்பாலும் பெட்ரோல் பக்கம். மஞ்சளாகவோ இல்லாமலோ இருந்தால் கீழே தொடருங்கள்.

சோதனை விளக்கின் ஒரு முனையை எர்த்தில் கவ்வவிட்டு, சாவியைத் திறந்து, காயிலில் சாவியிலிருந்து வயர் வரும் முனையைத் தொடுங்கள். இந்த ஒரு சோதனைக்கு மட்டும் விளக்கில் 2 முதல் 5 வாட் வரையான சிறிய பல்பைப் போட்டுக்கொள்ளுங்கள். விளக்கு எரியவில்லையென்றால் சாவி, அதன் வயர், இடையிலுள்ள இணைப்பு ஆகியவற்றில்தான் கோளாறு. எரிந்தால், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் மறுமுனையில் விளக்கை வைத்து எஞ்சினைச் சுழற்றுங்கள். விளக்கு விட்டுவிட்டுச் சிமிட்டினால் பாயிண்ட் வேலை செய்கிறது. சிமிட்டாமல் எரிந்துகொண்டே இருந்தால் பாயிண்ட் மூடுவதில்லை, அல்லது மூடினாலும் அதன் முகத்தில் எண்ணெயோ கருக்கோ படிந்திருக்கிறது, அல்லது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் மெல்லிய எர்த் வயர் அறுந்திருக்கிறது. ஒருபோதும் எரியவில்லையென்றால் பாயிண்ட் திறப்பதில்லை, பாயிண்ட் கருகாமல் காக்கும் கண்டென்சர் உள்ளே ஷார்ட் ஆகியிருக்கிறது, அல்லது பாயிண்டை மாட்டும்போது காப்பு வாஷர் இடம் மாறியிருக்கிறது. பாயிண்ட் மாற்றிய மறுநாளே கார் நின்றுபோனால் அந்த வாஷரைத்தான் முதலில் சந்தேகிப்பேன்.

பாயிண்டின் கட்டை, அதைத் திறந்து மூடும் கேமில் உரசி உரசித் தேய்வதால் இடைவெளி தானாகவே குறைந்துகொண்டு போகும். பல நான்கு சிலிண்டர் எஞ்சின்களுக்கு 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் சரியான அளவு. உங்கள் காரின் கையேடு வேறு அளவு சொன்னால் அதையே பின்பற்றுங்கள். பாயிண்ட் சரியாகச் சிமிட்டியும் பொறி இல்லையென்றால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உட்புறத்தில் கரிக்கோடு போல மெல்லிய விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். பிறகு அந்த மூடிக்குள் சுழலும் ரோட்டரை மாற்றிப் பாருங்கள். அதன்பிறகே காயில். வயர்களைக் கழற்றிவிட்டு காயிலின் இரு சிறு முனைகளுக்கு இடையே அளந்தால் சாதாரண 12 வோல்ட் காயில் ஏறக்குறைய 3 ஓம் காட்டும். தடையோடு சேர்த்துப் பயன்படுத்தும் பாலாஸ்ட் காயில் 1.5 ஓம் அளவில் இருக்கும்.

இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வது பெருந்தவறு. பாலாஸ்ட் காயிலுக்கு முழு 12 வோல்ட்டும் நேராகப் போனால் காயில் கொதிக்கும், பாயிண்ட் கருகும். சாவியை ஸ்டார்ட் நிலையில் பிடித்திருக்கும்வரை எஞ்சின் ஓடி, கையை விட்டதும் நின்றுவிட்டால் பெரும்பாலும் அந்தத் தடையோ தடை வயரோ அறுந்திருக்கிறது.

### இருபது நிமிடம் ஓடியபின் நின்றுவிடுகிறது, ஆறியபின் ஓடுகிறது

நின்ற அந்த நிமிடத்திலேயே பொறியைச் சோதிக்க வேண்டும். வீட்டுக்குத் திரும்பி, ஆறியபின் செய்யும் சோதனை எதையும் காட்டாது. அதற்காக ஒரு பழைய பிளக்கைக் காரிலேயே வைத்திருங்கள். பொறி இருந்தால் பெட்ரோல் ஆவியாகி அடைப்பது அல்லது டேங்க் மூடியின் காற்றுத்துளை அடைபட்டிருப்பது காரணம். பொறி இல்லையென்றால் கண்டென்சரை முதலில் மாற்றுங்கள். அது காயிலைவிட மலிவு, புதிதாக வாங்கியதும் சீக்கிரம் கெட்டுப்போவது உண்டு. ஓடிய பழைய நல்ல கண்டென்சர் ஒன்று கையில் இருந்தால் அதைத் தூக்கி எறியாதீர்கள்.

## சார்ஜ் விளக்கு அணையவில்லை, அல்லது பேட்டரி ஏறவில்லை

ஃபேன் பெல்ட்டை நடுவில் விரலால் அழுத்துங்கள். ஏறக்குறைய 12 மில்லிமீட்டருக்கு மேல் அமுங்கினால் இறுக்குங்கள். பிறகு எஞ்சினை நடுத்தர வேகத்தில் வைத்து பேட்டரி முனைகளில் அளங்கள். 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருந்தால் சார்ஜ் ஆகிறது. டைனமோ கார்களில் எஞ்சின் மெதுவாக ஓடும்போது விளக்கு லேசாக ஒளிர்வது கோளாறு அன்று.

### டைனமோ கார்

லூகாஸ் வகை டைனமோவில் டி, எஃப் என்ற இரு முனைகளிலும் இருக்கும் வயர்களைக் கழற்றி, அந்த இரு முனைகளையும் ஒரு சிறு வயரால் இணைத்து, அதற்கும் டைனமோ உடலுக்கும் இடையே மீட்டரை வையுங்கள். எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு வேகத்தைச் சிறிது ஏற்றினால் வோல்ட் விறுவிறுவென ஏற வேண்டும். 20 வோல்ட்டைத் தாண்டவிடாதீர்கள். எஞ்சினை நிமிடத்துக்கு 1000 சுற்றுக்கு மேல் கொண்டுபோகாதீர்கள். ஏறினால் டைனமோ நலம். கோளாறு வயரிலோ, டைனமோவைப் பேட்டரியோடு இணைத்தும் பிரித்தும் கட்டுப்படுத்தும் கட்அவுட் பெட்டியிலோ இருக்கிறது. எதுவுமே காட்டவில்லையென்றால் கார்பன் பிரஷ்களையும், அவை உரசும் செம்புப் பரப்பையும் பாருங்கள். நீங்களே செய்யக்கூடிய வேலை அதுவரைதான். அரை முதல் ஒரு வோல்ட்டில் நின்றால் ஃபீல்டு காயிலும், நான்கைந்து வோல்ட்டில் நின்றால் உள்ளே சுழலும் ஆர்மேச்சரும் கெட்டிருக்க வாய்ப்பு உண்டு. இரண்டும் காயில் கட்டுபவரின் வேலை. ஜெர்மானிய பாஷ் நிறுவன வகை டைனமோக்களில் ஃபீல்டு வேறு விதமாக இணைக்கப்பட்டிருப்பதால் இந்தச் சோதனையை அங்கே செய்யாதீர்கள்.

கட்அவுட் பெட்டியில் முனைத் திருகுகளை இறுக்குவதும் அதன் எர்த்தைச் சுத்தம் செய்வதும் நம் வேலை. மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் திருகுகளைத் தொடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அதன் அமைப்பு கொஞ்சம் தப்பினாலும் நல்ல டைனமோ எரிந்துபோகும். எஞ்சினை நிறுத்திய பிறகும் டாஷ்போர்டு அம்மீட்டர் பேட்டரி வேகமாக இறங்குவதாகக் காட்டினால் கட்அவுட்டின் தொடர்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் கணமே பேட்டரியின் எர்த்தைக் கழற்றுங்கள்.

### ஆல்டர்னேட்டர் கார்

டைனமோவுக்குப் பதிலாக ஆல்டர்னேட்டர் இருக்கும் காரில், எஞ்சின் ஓடாமல் சாவியை மட்டும் திறந்தபோது சார்ஜ் விளக்கு எரிய வேண்டும். எரியவில்லையென்றால் அந்தச் சிறு பல்பை மாற்றுங்கள். பல ஆல்டர்னேட்டர்கள் அதன் வழியாக வரும் மின்சாரத்தைக் கொண்டுதான் விழிக்கின்றன. ஆல்டர்னேட்டரின் தடித்த முனையில் 14.4, பேட்டரியில் 13.2 என்றால் இடையிலுள்ள வயரும் இணைப்புகளும்தான் குற்றவாளி. விளக்கு எப்போதும் மங்கலாக ஒளிர்ந்தால் ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டயோடைச் சந்தேகித்து, கழற்றி வேலை தெரிந்தவரிடம் ஒப்படையுங்கள். 15 வோல்ட்டைத் தாண்டினால் காரை ஓட்டாதீர்கள்; பேட்டரி கொதிக்கும். எஞ்சின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றி ஆல்டர்னேட்டரைச் சோதிக்கும் பழக்கம் அதைக் கொன்றுவிடும்.

## இரவோடிரவாக பேட்டரி இறங்கிவிடுகிறது

சார்ஜ் சரியாக ஆகிறது என்று மேலே உறுதிசெய்த பிறகே இதற்கு வாருங்கள். பேட்டரியின் மேற்பரப்பு ஈரமும் அழுக்குமாக இருந்தால் அதுவே ஒரு மின்பாதை. சமையல் சோடா கரைத்த நீரால், செல்களுக்குள் இறங்காமல், கழுவித் துடையுங்கள்.

பின்னர் எல்லாவற்றையும் அணைத்து, எர்த் வயரைக் கழற்றி, அந்த வயருக்கும் ஈய முனைக்கும் இடையே மீட்டரை 10 ஆம்பியர் அளவில் வையுங்கள். இந்த நிலையில் ஸ்டார்ட் செய்தால் மீட்டர் போய்விடும். கடிகாரமோ ரேடியோவோ இல்லாத பழைய காரில் சுழியம்தான் காட்ட வேண்டும். கடிகாரம் இருந்தால் சில மில்லிஆம்பியர். 50 மில்லிஆம்பியரைத் தாண்டினால் தேட வேண்டும். டிக்கிக்குள் அணையாமல் எரியும் 5 வாட் பல்பு ஒன்று ஏறக்குறைய 0.4 ஆம்பியர் இழுக்கும். ஒரு நாளில் அது 10 ஆம்பியர்-மணி. நான்கு நாள் நிறுத்திவைத்த கார் ஸ்டார்ட் ஆகாததற்கு இந்த ஒரு பல்பே போதும்.

ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்து, எதை எடுக்கும்போது எண் விழுகிறது என்று பாருங்கள். பழைய கார்களில் ஃபியூஸ் இரண்டோ நான்கோதான் இருக்கும். பல சுற்றுகளுக்கு ஃபியூஸே கிடையாது. எனவே அடுத்து ஆல்டர்னேட்டர் அல்லது கட்அவுட் பெட்டியின் வயர்களை, எர்த்தைப் பிரித்த நிலையில் ஒவ்வொன்றாகக் கழற்றி மீண்டும் அளங்கள். பிற்காலத்தில் யாரோ சேர்த்த ரேடியோ, அலாரம், பனிவிளக்கு வயர்களைத் தொழிற்சாலை வயருக்கு முன்பே சந்தேகிப்பது நல்லது.

## விளக்குகள் மங்கல், அல்லது ஒன்றைப் போட்டால் மற்றொன்று எரிகிறது

இரண்டாவது அறிகுறிக்குப் பதில் சுருக்கமானது: எர்த். இண்டிகேட்டர் போட்டதும் பின்விளக்கும் சேர்ந்து துடித்தாலும், பிரேக் அழுத்தினால் இண்டிகேட்டர் தடுமாறினாலும், அந்த விளக்குக்கூட்டின் எர்த் போய்விட்டதால் மின்சாரம் பக்கத்து இழை வழியாகத் திரும்புகிறது. விளக்கின் உலோகக் கூட்டிலிருந்து பேட்டரி எர்த்துக்கு ஒரு நீண்ட வயரைத் தற்காலிகமாகத் தொடுங்கள். சரியானால் ஹோல்டரின் துருவையும் பாடியில் திருகும் இடத்தையும் தேய்த்துவிட வேண்டியதுதான்.

ஹெட்லைட் மங்கலுக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். இழை பல்பில் வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்துவிடும். ஆகவே சின்னக் குறைகளும் இங்கே பெரிதாகத் தெரியும். விளக்கு எரியும்போது, எஞ்சின் ஓடும் நிலையில், பேட்டரியிலும் பல்பின் முனைகளிலும் அளந்து ஒப்பிடுங்கள். எர்த் பக்கம் எவ்வளவு, வரும் பக்கம் எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். வரும் பக்கத்தில் குண்டுமுனை இணைப்புகளின் பச்சைக் களிம்பு, காலால் அழுத்தும் டிப் சுவிட்ச், விளக்குச் சுவிட்ச் என்ற வரிசையில் தேடலாம். 60 வாட் பல்புகள் இரண்டும் சேர்ந்து 10 ஆம்பியர் இழுக்கும். அவ்வளவும் அந்தப் பழைய சுவிட்ச் வழியாகத்தான் போகிறது. சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இணைக்கும் ரிலே வைத்து, ஃபியூஸோடு பேட்டரியிலிருந்து நேராக வயர் கொண்டுவருவது இதற்கு நிலையான தீர்வு. ரிலே இல்லாமல் அதிக வாட் பல்பு போடுவது சுவிட்சை உருக்கும் வழி.

இண்டிகேட்டர் ஒரு பக்கம் மட்டும் வேகம் மாறினால் அந்தப் பக்கத்து பல்பும் எர்த்தும். இரு பக்கமும் மாறினால் ஃபிளாஷர் டப்பா. எல்இடி பல்புகளைப் போட்டவுடன் சிமிட்டுவது நின்றால், வெப்பத்தால் இயங்கும் பழைய ஃபிளாஷருக்குப் போதிய மின்சாரம் போகவில்லை என்று பொருள்.

## ஒரே ஃபியூஸ் மீண்டும் மீண்டும் போகிறது

பெரிய ஃபியூஸ் போடாதீர்கள். இதில் பலரும் அறியாமலே தவறுகிறார்கள்: பழைய லூகாஸ் கண்ணாடி ஃபியூஸில் 35 என்று எழுதியிருந்தால் அது உருகும் அளவு, தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியர்தான். இன்று வேறு முறையில் அளவிடப்பட்ட 35 ஆம்பியர் ஃபியூஸை அதே இடத்தில் போட்டால், காப்பாற்ற வேண்டிய வயர் ஃபியூஸுக்கு முன்பே எரியும்.

ஃபியூஸ் இருக்கும் இடத்தில் 21 வாட் சோதனை விளக்கை இணைத்துவிடுங்கள். ஷார்ட் இருக்கும்வரை அது முழு ஒளியில் எரியும். மின்சாரமோ 2 ஆம்பியருக்குள் கட்டுப்பட்டிருக்கும். அந்தச் சுற்றின் சுவிட்சுகளை ஒவ்வொன்றாக அணைத்து, அதன்பிறகு வயரிங் கட்டை அங்குலம் அங்குலமாக அசைத்து வாருங்கள். எந்த இடத்தில் விளக்கு அணைகிறதோ அங்கேதான் காப்பு உரிந்திருக்கிறது. எஞ்சின் அறைத் தடுப்புத் தகட்டில் வயர் நுழையும் ரப்பர் வளையம், டிக்கிக் கீல், கதவுக் கீல், ஸ்டீயரிங் தண்டின் அடி ஆகிய இடங்களை முதலில் பார்ப்பேன்.

## மீட்டர்கள், ஹாரன், வைப்பர்

பெட்ரோல் மீட்டரும் வெப்ப மீட்டரும் ஒரே நேரத்தில் தவறாகக் காட்டினால் இரண்டும் கெடவில்லை. இரண்டுக்கும் சராசரியாக 10 வோல்ட் தரும் சிறு நிலைப்படுத்திதான் கெட்டிருக்கிறது, அல்லது டாஷ்போர்டுக்குப் பின்னால் அதன் எர்த் தளர்ந்திருக்கிறது. பெட்ரோல் மீட்டர் மட்டும் என்றால் டேங்க் மேலிருந்து பெட்ரோல் அளவை மீட்டருக்குச் சொல்லும் அனுப்பியின் எர்த்தைப் பாருங்கள். பெட்ரோல் வாடை வந்தால் அங்கே எந்த மின்சோதனையும் செய்யாதீர்கள்.

ஹாரன் பெரும்பாலும் ஸ்டீயரிங் பொத்தானின் தொடர்பில்தான் தடுமாறும். மெதுவாக ஓடும் வைப்பரில் மோட்டாரைக் குறைசொல்வதற்கு முன், அதன் தண்டைப் பிரித்துவிட்டு மோட்டார் தனியாக எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். உள்ளே இறுகிய பழைய கிரீஸே பாதிக் கார்களில் காரணம்.

## புகை, அல்லது கருகிய வாடை

இதற்குச் சோதனை வரிசை கிடையாது. காரை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, பேட்டரியின் எர்த்தைக் கழற்றுங்கள். அதைக் கழற்றும் ஸ்பேனர் எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். புகை நின்ற பிறகும் மறுபடி இணைத்துப் பார்க்க வேண்டாம். உருகிய ஒரு வயர் கட்டுக்குள் தன் பக்கத்து வயர்களின் காப்பையும் உருக்கியிருக்கும் என்பதால், வெளியில் தெரிவதைவிட உள்ளே சேதம் நீளமாகவே இருக்கும். பழுப்பு வயர்கள், அதாவது ஃபியூஸ் இல்லாதவை, உருகியிருந்தாலும், கட்டைத் தொட்டால் காப்பு உதிர்ந்தாலும், அது வயரிங் செய்பவரிடம் முழுதாக ஒப்படைக்க வேண்டிய வேலை. அவர் வருமுன் நீங்கள் செய்ய வேண்டியவை இரண்டு: புகை எழுந்த இடத்தைச் சுண்ணக்கட்டியால் குறித்து வையுங்கள், எந்த வயரையும் பிரிப்பதற்கு முன் ஒவ்வொரு இணைப்பையும் படம் எடுத்து வையுங்கள்.